அரவிந்த் கண் மருத்துவமனைகள்

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட கண் மருத்துவக் குழுமம். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி (1918–2006) இதை 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர் அவர். அந்த விரல்களாலேயே கண்புரை அறுவை செய்யப் பழகிக்கொண்டார். ஸ்ரீ அரவிந்தர் மீதிருந்த ஈடுபாட்டால் மருத்துவமனைக்கு அவர் பெயரையே இட்டார். பின்னர் தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி, சென்னை எனக் கிளைகள் எழுந்தன.

கட்டணம் செலுத்துவோர் தரும் வருவாயைக் கொண்டு ஏழைகளுக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ சிகிச்சை அளிப்பது இதன் வழி. ஒருவருக்கு அறுவை முடியும்போதே அடுத்தவர் பக்கத்து மேசையில் தயாராக இருப்பார். கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்த இளம்பெண்கள் ஆயத்தப் பணிகளைப் பார்த்துக்கொள்வதால், மருத்துவரின் நேரம் அறுவைக்கே செல்கிறது. நிறுவனரின் புகழில் அதிகம் பேசப்படாத இவர்களே இந்த ஏற்பாட்டைத் தாங்குகிறவர்கள்.

கண்புரை அறுவையில் கண்ணுக்குள் பொருத்தும் வில்லை ஒருகாலத்தில் இறக்குமதிச் சரக்கு. ஏழைக்கு எட்டாத விலை. இக்குழுமம் 1992இல் நிறுவிய ஆரோலேப் அதை மதுரையிலேயே மலிவாகத் தயாரித்தது. இன்று அவ்வில்லைகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன.