உன்ஸ்புன்னன் விழா

ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில், தூன், பிரியன்ஸ் என்னும் இரண்டு ஏரிகளுக்கு இடையே அமைந்த இன்டர்லாகன் நகரை அடுத்து, இடிந்து கிடக்கும் உன்ஸ்புன்னன் கோட்டையின் அடிவாரப் புல்வெளியில் 1805 ஆகஸ்டு 17-ஆம் தேதி முதன்முதலாக நடைபெற்ற ஆயர் விழா. மல்யுத்தம், கல்லெறிதல், நீண்ட ஊதுகொம்பான ஆல்ப்ஹார்ன் வாசித்தல் ஆகியவை இதன் பிரதான அங்கங்கள்.

விளையாட்டின் பெயரால் நடந்ததாயினும் இதன் நோக்கம் அரசியலே. 1798-இல் பிரெஞ்சுப் படையெடுப்பினால் பெர்னின் ஆதிக்கம் நீங்கித் தனி மாநிலமான ஓபர்லாந்து மலைப் பிரதேசம், 1803-இல் நெப்போலியன் வகுத்த சாசனத்தால் மீண்டும் பெர்னுடன் சேர்க்கப்பட்டது. அதனால் மலைவாசிகளுக்கு உண்டான மனக்கசப்பைத் தணிக்கவும், அந்நிய தேசத்துப் பிரயாணிகளை வரவழைக்கவும் பெர்ன் ஆட்சித் தலைவர் ஃபான் ம்யூலினன் முதலிய நகரப் பிரபுக்கள் இவ்விழாவை ஏற்பாடு செய்தனர். 1808-இல் நடந்த இரண்டாம் விழாவைக் காண வந்தவர்களுள் எழுத்தாளர் மதாம் த ஸ்தாலும், அக்காட்சியைச் சித்திரமாக்கிய ஓவியர் விஜே லெ ப்ரனும் இருந்தனர். பிரயாணிகள் மகிழ்ந்தனர், மலைவாசிகளின் கசப்போ தீரவில்லை. 1814-இல் ஓபர்லாந்தில் கிளர்ச்சி மூண்டது. விழாவும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நின்றுபோயிற்று.

ஆனால் பிரயாணிகளின் வரவு நிற்கவில்லை. யுங்ஃபிராவ் சிகரம் மறைந்துவிடலாகாதென்று, இன்டர்லாகனின் நடுவிலுள்ள ஹோஹெமட்டெ புல்வெளியை 1864-இல் விடுதிக்காரர்களும் பிறரும் கூடி விலைக்கு வாங்கி, அங்கே கட்டடமே எழும்பாதபடி உடன்படிக்கை செய்துகொண்டது, வியாபார புத்தியும் அழகுணர்ச்சியும் ஒன்றுபட்ட அபூர்வமான செய்கை. இதற்கிடையே விழாவின் அங்கமாயிருந்த, மரத்தூள் களத்து மல்யுத்தமான ஷ்விங்கனுக்கு 1895-இல் நாடு தழுவிய சங்கம் அமைந்தது. பள்ளத்தாக்கு விளையாட்டு தேசிய விளையாட்டாயிற்று. நூற்றாண்டையொட்டி 1905-இல் விழா புத்துயிர் பெற்றது. பிற்காலத்தில் சுமார் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கலாயிற்று.

இவ்விழாவின் கல், நம் நாட்டு இளவட்டக்கல்லைப்போல் வீரர்களின் புஜபலத்தைச் சோதிப்பது. எடை 83.5 கிலோ, தலைக்குமேல் உயர்த்தி, ஓடிவந்து வீசினாலும் நான்கு மீட்டர் தாண்டுவது அரிது. 1805, 1905 என்னும் ஆண்டுகள் பொறித்த அக்கல்லை, பெர்ன் ஆட்சியோடு பிணங்கிய ஜூரா பிரதேசத்துப் பிரிவினை இளைஞர்கள் 1984-இல் உன்டர்சேன் அருங்காட்சியகத்திலிருந்து கவர்ந்து சென்றனர். பெர்னிடம் குறைபட்ட ஒரு பிரதேசத்தைச் சமாதானப்படுத்த எழுந்த விழாவின் சின்னம், அவ்வாறே குறைபட்ட இன்னொரு பிரதேசத்தாரின் கையில் ஆயுதமானதை இவ்விழாவின் சரித்திரத்தில் முக்கியமாகக் கருதவேண்டும். 2001-இல் திரும்பிய கல் 2005-இல் மறுபடியும் களவு போயிற்று. இப்போது போட்டியில் வீசப்படுவது அதன் பிரதியே.