பைலாத் தாளமும் மின்சாரக் கம்பியும்: புத்தளத்தில் கிட்டார் பழகத் தொடங்குவோருக்கு ஒரு வரலாறு

எலெக்ட்ரிக் கிட்டார் பழக ஆசைப்படுகிற எங்கட வயசுக்காரர் முதலில் செய்கிற வேலை ஒன்றுதான். யூடியூபைத் திறந்து, அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருக்கிற ஒருத்தர் நடத்துகிற முதல் பாடத்தைப் பார்ப்பது. அதில் பிழை ஒன்றும் இல்லை. கம்பிக்கு எப்படிச் சுருதி சேர்ப்பது, விரலை எங்கே வைப்பது எல்லாம் அங்கே நல்லாவே சொல்லித் தருகிறார்கள். ஆனால் அந்தப் பாடங்களோடு ஒரு வரலாறும் சேர்ந்து வருகிறது. புளூஸ், ரொக் அண்ட் ரோல், பிறகு மெட்டல். அந்தக் கதையில் எங்கட பக்கத்துக் கடற்கரை எங்கேயும் வராது. கேட்டுக் கேட்டு, "இது எங்களுக்குச் சம்பந்தமில்லாத சாமான்" என்று நாங்களே நம்பத் தொடங்கிவிடுகிறோம்.

சம்பந்தம் இருக்கு. புத்தளம் நகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கு. அதைச் சொல்ல முதல் வாத்தியத்தின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

சத்தம் போதாமல் பிறந்த வாத்தியம்

1920களில் அமெரிக்காவில் நடன இசைக்குழுக்கள் பெரிசாகின. ட்ரம்பெட், சாக்ஸஃபோன், ட்ரம்ஸ் எல்லாம் சேர்ந்து முழங்கும்போது கிட்டார்காரர் வாசிப்பது பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அதே காலத்தில் ஹவாய்த் தீவு இசைக்கு அங்கே பெரிய மோகம். மடியில் படுக்கவைத்து, கம்பியின் மேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்கும் கிட்டார் அது. அந்த இசைக்காரரில் ஒருவரான ஜோர்ஜ் போஷாம், அடோல்ஃப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து 1930களின் தொடக்கத்தில் செய்து விற்றதுதான் சந்தைக்கு வந்து வெற்றிபெற்ற முதல் எலெக்ட்ரிக் கிட்டார். வட்ட உடம்பும் நீளக் கழுத்துமாக இருந்ததால் அதைப் "பொரிக்கிற தாச்சி" என்றே கூப்பிட்டார்கள்.

வேலை செய்யும் விதம் ஓ.எல் விஞ்ஞானத்தில் படித்ததுதான். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். அதுக்குப் பெயர் பிக்அப். அதன் மேல் உலோகக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறும், செப்புச் சுருளில் சின்ன மின்னோட்டம் பிறக்கும். 1831இல் பாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் இது. ஆம்ப்ளிஃபையர் அந்த மின்னோட்டத்தைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. நைலோன் கம்பி போட்டால் இந்தப் பிக்அப் எதையும் பிடிக்காது. 1950களில் ஃபெண்டர் கம்பனியின் டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர், கிப்சனின் லெஸ் போல் வந்த பிறகு, இன்றைக்குக் கடையில் தொங்குகிற கிட்டார்களின் உருவம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

சிராம்பியடியின் தாளம்

இனி எங்கட பக்கம். புத்தளத்துக்குப் பக்கத்தில் சிராம்பியடியில் ஆப்பிரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் சில வாழ்கின்றன. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மூன்று ஆட்சியும் அடிமைகளாகவும் படைவீரராகவும் கொண்டுவந்து இறக்கிய மக்களின் பரம்பரை இது. ஆங்கிலேயர் காலத்தில் படையில் இருந்து விடுபட்டவர்கள் 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் குடியேறினார்கள். காப்பிரி என்ற பெயர் அரபியில் இருக்கும் "காஃபிர்" என்ற சொல்லில் இருந்து வந்தது. அரபு வணிகர் வாயில் இருந்து போர்த்துக்கேயர் வாய்க்குப் போய் இங்கே வந்து நின்ற சொல். தென்னாப்பிரிக்காவில் அது கடும் வசைச்சொல். இங்கே அந்த மக்களே தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

அவர்களுடைய இசைக்குப் பெயர் மஞ்சா. அதில் கிட்டார் இல்லை. ரபான், சிரட்டை, கரண்டி, போத்தல், மரத்துண்டு, இவைதான் வாத்தியங்கள். பாட்டு மெதுவாகத் தொடங்கும், போகப் போக வேகம் பிடிக்கும், கடைசியில் இருந்தவர்களும் எழும்பி ஆடுவார்கள். பாட்டின் மொழி போர்த்துக்கேயக் கிரியோல். வீட்டில் இப்போது பேசுவது சிங்களம். கிரியோல் பேச்சாக இருந்த காலம் போய், பாட்டாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. இளையவர்கள் பாடும் சொல் பலதின் அர்த்தம் அவர்களுக்கே தெரியாது. இந்த வாய்கள் நின்றால் அந்தச் சொற்களும் நிற்கும்.

கிட்டார் எப்போது சேர்ந்தது?

போர்த்துக்கேயர் 1505இல் வந்தபோது நரம்பு வாத்தியங்களைக் கொண்டாடும் ஒரு பண்பாடும் கூடவே வந்தது. ஆப்பிரிக்கத் தாளமும் ஐரோப்பிய மெட்டும் கலந்த கஃப்ரிஞ்ஞா இங்கே உருவானது. அதன் பெயரிலேயே காப்பிரி இருக்கிறார். மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் அது வயலின், கிட்டாரோடு இன்றும் உயிரோடு இருக்கிறது. "ஆடு" என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து பைலா என்ற பெயர் வந்தது. 1940கள் தொடக்கம் பொலிஸ்காரரான வாலி பஸ்தியன் சிங்களத்தில் பைலா பாடி அதை நாடெங்கும் கொண்டுபோனார்.

1950களில் ஹரி பெலஃபோன்டேயின் கலிப்சோப் பாட்டுகள் உலகமெல்லாம் ஓடிய பிறகு, இங்கேயும் லொஸ் கபலெரோஸ், லா சிலோனியன்ஸ் மாதிரிக் குழுக்கள் சாதாரண கிட்டாரோடு மேடை ஏறின. 1960களின் நடுவில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு வந்தார்கள். சிங்களப் பாட்டில் எலெக்ட்ரிக் கிட்டாரை நிலைநிறுத்தியவர் என்று கிளாரன்ஸைத்தான் சொல்வார்கள். வானொலி அந்தச் சத்தத்தை எல்லா ஊருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

தமிழும் பின்வாங்கி நிற்கவில்லை. நித்தி கனகரத்தினம் கிட்டாரோடு பாடிய "சின்ன மாமியே"யை இன்றைக்கும் கலியாண வீட்டில் கேட்கலாம். ஏ.ஈ. மனோகரன் பாடிய "சுராங்கனி" மீன் கொண்டுவந்ததைச் சொல்லும் பாட்டு. எங்கட கரையில் அதுக்கு விளக்கவுரை தேவையில்லை. சிங்களமும் தமிழும் கலந்து ஓடிய அந்தப் பாட்டு 1977இல் இளையராஜா இசையமைத்த "அவர் எனக்கே சொந்தம்" படத்தின் வழியாகத் தமிழ்நாட்டையும் பிடித்தது. மனோகரன் 2018இல் சென்னையில் காலமானார்.

இந்த வரிசையில் பாடியவருக்குப் பெயர் கிடைத்தது, குழுவுக்குப் பெயர் கிடைத்தது. தாளத்தின் அடியில் இருந்த மக்களுக்கு என்ன கிடைத்தது? பைலாவுக்கு ஆடாத கலியாண வீடு இந்தத் தீவில் குறைவு. ஆனால் சிராம்பியடி எங்கே என்று கேட்டால் புத்தளத்திலேயே கனபேருக்குக் கை காட்டத் தெரியாது.

அப்போ எங்கிருந்து தொடங்கலாம்?

புதுசாகப் பழகுகிறவருக்கு விலை கூடின கிட்டார் தேவையில்லை. பாவித்தது என்றாலும் காணும். வாங்கும்போது கழுத்து வளையாமல் இருக்கா, ஒவ்வொரு கட்டத்திலும் சத்தம் இரையாமல் வருதா, வயர் சொருகினால் கரகரக்குதா என்று மட்டும் பாருங்க. மெல்லிய கம்பி, அதாவது 9 அல்லது 10 செட் போடுங்க. விரல் நுனி முதல் சில கிழமை எரியும், பிறகு தோல் தடிக்கும். வீட்டில் இசைக்கு முகம் சுளிப்பவர்கள் இருந்தாலோ, வாடகை அறையில் இருந்தாலோ இன்னொரு வசதி உண்டு: ஆம்ப் போடாமல் வாசித்தால் எலெக்ட்ரிக் கிட்டார் பக்கத்து அறைக்கே கேட்காது.

ஏ, டி, ஈ என்ற மூன்று கோர்ட்டும் வந்தால் பைலாப் பாட்டில் பெரும்பகுதியை வாசிக்கலாம். கஷ்டம் இடது கையில் இல்லை, வலது கையில்தான். இணையப் பாடங்கள் பெரும்பாலும் நாலு எண்ணிக்கையில் தொடங்கும். நாங்கள் ஆறில் தொடங்குவோம். ஒன்று-ரெண்டு-மூன்று, நாலு-அஞ்சு-ஆறு. ஒன்றிலும் நாலிலும் அழுத்தம். முதலில் கிட்டாரைத் தொடாமல் மேசையில் தட்டுங்க. இரண்டு சிரட்டை கிடைத்தால் இன்னும் நல்லம். கை தானாக ஓடத் தொடங்கிய பிறகு கம்பிக்குப் போங்க. மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டுங்க, மஞ்சா போகிற மாதிரியே.

புளூஸ் பழக வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதுவும் அடிமைக் கப்பலில் கொண்டுபோகப்பட்டவர்களின் பிள்ளைகள் உண்டாக்கிய இசைதான். மிசிசிப்பிக்குப் போனவர்களின் கதை எங்களுக்கு மனப்பாடம். புத்தளத்துக்கு வந்தவர்களின் கதை தெரியாது. அதனால் கிட்டார் வாங்குகிறவர்களிடம் எங்கட வேண்டுகோள் ஒன்றுதான்: முதல் மாதத்தில் ஒருநாள் சிராம்பியடிக்கும் போங்க. மரியாதையாகக் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் இருந்து ஒரு பாட்டைக் கேளுங்க. பதிவு செய்யவும் சம்மதம் கிடைத்தால், பாடியவரின் பெயரை அவர் விரும்புகிற மாதிரியே எழுதி வையுங்க. பிறகு வீட்டுக்கு வந்து அந்த ஆறு எண்ணிக்கையைக் கம்பியில் தேடுங்க.