கான்கிரீட் மேற்பரப்புச் சுருக்கம்

கலவையிலுள்ள நீர் ஆவியாவதாலும் சிமெண்டுடன் வினைபுரிவதாலும் கான்கிரீட்டின் கன அளவு குறைவதே கான்கிரீட் சுருக்கம். காற்றின் ஈரத்தைப் பொறுத்து இது ஊருக்கு ஊர் மாறும். மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் நுழைவாயிலான வண்டூர் அமைந்துள்ள தெற்கு அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெய்கிறது. இவ்வளவு ஈரமான ஊரில் புதிதாகப் போட்ட கான்கிரீட் தளத்துக்குத் தனியாகத் தண்ணீர் எதற்கு என்று தோன்றலாம். அந்த எண்ணம் தவறு.

சிமெண்ட் தன் எடையில் சுமார் 23 விழுக்காடு நீரை வேதிவினையில் பிணைத்துக்கொள்கிறது. இன்னும் 15 விழுக்காடு நுண்துளைகளில் தங்குகிறது. இந்த நீரேற்றத்தில் விளையும் பொருள், வினைபுரிந்த சிமெண்டும் நீரும் சேர்ந்து அடைத்திருந்த இடத்தைவிடக் குறைவான இடத்தையே அடைக்கும். வெளியிலிருந்து நீர் கிடைக்காவிட்டால் துளைகள் உள்ளுக்குள்ளேயே வறண்டு கான்கிரீட் சுருங்கும். நீர்–சிமெண்ட் விகிதம் 0.4க்குக் குறைந்த கலவைகளில் இது அதிகம். துளைகளில் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் நீரேற்றம் ஏறக்குறைய நின்றுவிடும். ஈரக்காற்று நெடுநாள் உலர்தலைத் தணிக்கும். புதுத் தளத்தின் மேல்தோலுக்கு அது போதாது.

மிக ஆபத்தானவை முதல் சில மணி நேரங்கள். வெயிலும் கடற்காற்றும் சேர்ந்து ஒரு சதுர மீட்டரில் மணிக்கு 1 கிலோ நீரை ஆவியாக்கினால், கலவையிலிருந்து மேலே கசியும் நீர் அதற்கு ஈடுகொடுக்காது. தளம் இறுகும் முன்பே வெடிப்பு விழும். இறுகிய பிறகும் மேற்பரப்பு உலர்ந்து சுருங்க, ஈரமான உட்பகுதி அதைத் தடுக்கிறது. அந்த இழுவிசையும் வெடிப்பாகிறது.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000, சோதனை விவரம் இல்லாதபோது மொத்தச் சுருக்கத்தை 0.0003 எனக் கொள்ளச் சொல்கிறது: 10 மீட்டருக்கு 3 மி.மீ. எம்25 தரக் கான்கிரீட்டை முழுவதும் நகராமல் தடுத்தால் இதனால் எழும் இழுவிசை 7.5 மெகாபாஸ்கல், அதன் வளைவு இழுவலிமையோ 3.5 மெகாபாஸ்கல்தான். நாளடைவில் கான்கிரீட் இளகிக்கொடுத்து இந்த விசை பாதியானாலும் வெடிப்புக்கு அது போதும்.

கடலோரத்தில் வெடிப்பு வெறும் அழகுக்குறை அன்று. அதன் வழியே உப்பு இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், வறண்ட வெப்பத்திலும் சாம்பல் போன்றவை கலந்த சிமெண்டுக்கும் 10 நாளும் நீராற்ற, அதாவது தளத்தை ஈரமாக வைத்திருக்க, வேண்டும் என்கிறது அந்தத் தரநிலை. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம். ஈரச் சாக்கும் போர்த்தலாம். மழையை நம்பிப் புதுத் தளத்தைத் திறந்து போட்டால் மேலடுக்கில் நீர் மிகுந்து தோல் பலவீனமாகும். கடல்நீரால் நீராற்றவே கூடாது. எனவே, தண்ணீர் தட்டுப்பாடான கோடையில் தளம் போடுவோர் பத்து நாளுக்கான நன்னீரைச் சேர்த்து வைத்த பிறகே கலவையைத் தொடங்க வேண்டும்.