மக்கள் மனமும் கருத்துக் கணிப்பும்



ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் முன்னோர். பொதுமக்கள் கருத்தை அளந்தறியும் கலைக்கும் அதுவே அடிப்படை. ஆயின் ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் வேகாதிருக்கும் பானையில் எடுத்த சோறு பொய் சொல்லிவிடும்.

இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியது 1936ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலாகும். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அட்டைகள் அனுப்பியது. 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, லாண்டனே வெல்வார் என்று கூறிற்று. வென்றவரோ ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46 அவர் பக்கம் நின்றன. தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோர் பட்டியல்களிலிருந்து பெயர்களை மிகுதியாக எடுத்ததும், விடை எழுதியோர் ஒரு சாராராக அமைந்ததும் பிழைக்குக் காரணங்களாம். மிகச் சிலரையே வினவிய ஜார்ஜ் காலப் வென்றவரைச் சரியாகச் சொன்னார். எத்தனை பேரைக் கேட்டோம் என்பதினும், எவ்வகையினரைக் கேட்டோம் என்பதே பெரிதென்று அன்று புலனாயிற்று.

நம் நாட்டில் இப்பணியை 1950களில் தொடங்கியவர் எரிக் டா காஸ்டா. பின்னர் ரஜனி கோத்தாரி 1963இல் டில்லியில் நிறுவிய வளரும் சமுதாயங்களின் ஆராய்ச்சி மையம், 1967 பொதுத் தேர்தலின்போது நாடு தழுவிய ஆய்வை நடத்தியது. அம்மையத்தார் 1990களில் நடத்திய ஆய்வுகள் ஓர் அரிய செய்தியை வெளிப்படுத்தின. மேனாடுகள் பலவற்றில் வசதி குறைந்தோரே வாக்களிக்கத் தயங்குவர். இந்தியாவிலோ ஏழைகள் செல்வருக்குக் குறையாமல் வாக்குச் சாவடிக்கு வருகின்றனர். வெற்றி தோல்வியை முன்கூட்டிச் சொல்வதினும் இத்தகைய அறிவே கணிப்பின் உண்மைப் பயன் என்போம். முன்கூறல்கள் 2004இலும் 2024இலும் பெரிதும் தவறியதை நாடறியும்.

இனி, நம்மவர் நிலைக்கு வருவோம். பெங்களூரில் அல்சூரை அடுத்த ஜோகுபாளையம், பழைய தண்டுப் பகுதியைச் சார்ந்தது. தமிழர் பலர் வாழும் இடம். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி கருநாடக மக்களுள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 3.5 விழுக்காட்டினர். மாநிலம் முழுவதிலும் 1000 பேரை வினவும் கணிப்பில் தமிழர் 35 பேர் அளவிலேயே இடம்பெறுவர். ஆயிரவர் விடையில் நேரக்கூடிய பிழை 3 விழுக்காட்டளவு எனின், முப்பத்தைவர் விடையில் அது 17 விழுக்காட்டை எட்டும். ஆதலின் அத்தகைய கணிப்பைக் காட்டித் 'தமிழர் கருத்து இது' என்று எவரேனும் உரைப்பின், அதனை அப்படியே ஏற்றல் தகாது.

எத்தனை தமிழரைக் கேட்டனர், எத்தெருக்களில் கேட்டனர், எம்மொழியில் கேட்டனர் என நாம் வினவுதல் வேண்டும். கன்னடம் அறியாத முதியவள் ஒருத்தியின் மௌனம், கருத்தின்மை என்று ஏட்டில் ஏறிவிடக் கூடும். அது அவள் குறையன்று, கேட்டவர் குறை. கணக்கெடுக்க வருவோர் முறையாக வந்து வினவின், அஞ்சாது நம் உள்ளத்தை உரைத்தலும் நம் கடனே. சொல்லாத கருத்தைப் பிறர் தாமே இட்டு நிரப்புவர் என்பதை நாம் மறத்தலாகாது.