குழந்தைகள் அறைக்கும் பெரியவர் அறைக்கும் நடுவே: அமெரிக்கப் பொது நூலகங்களில் பதின்பருவத்தினர் சேவை

பொது நூலகம் என்னும் அமைப்பு அமெரிக்காவில் வேரூன்றிய 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், அது பெரியவர்களுக்கு உரிய இடமாகவே எண்ணப்பட்டது. 1854இல் வாசகர்களுக்குத் திறக்கப்பட்ட பாஸ்டன் பொது நூலகம் 16 வயது நிரம்பாதவர்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிற நகரங்களிலும் 12 அல்லது 14 வயது என்ற வரம்பு பரவலாக இருந்தது. 1890களில் இந்த வரம்புகள் தளர்ந்து, குழந்தைகளுக்கெனத் தாழ்ந்த மேசை நாற்காலிகளுடன் தனி அறைகள் திறக்கப்பட்டபோது, எதிர்பாராத ஓர் இடைவெளி உருவானது. குழந்தைகள் அறையின் கதைப்புத்தகங்களைப் படித்து முடித்துவிட்ட 14 வயதுச் சிறுவனோ சிறுமியோ பெரியவர் பகுதிக்குள் நுழைந்தால், அங்கே வழிகாட்ட ஆளில்லாத ஆயிரக்கணக்கான நூல்களுக்கு நடுவே நிற்க நேர்ந்தது. அவர்களில் பலர் அந்த வயதோடு நூலகத்துக்கு வருவதையே விட்டுவிட்டனர்.

இந்த இடைவெளி ஒரு சேவையாக வளர்ந்ததற்கு நூலகத்துக்கு வெளியே நிகழ்ந்த சமூக மாற்றமே முதற்காரணம். 1900ஆம் ஆண்டளவில் 14 முதல் 17 வயதுக்குட்பட்ட அமெரிக்கர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே உயர்நிலைப் பள்ளியில் பயின்றனர். மற்றவர்கள் வயலிலோ ஆலையிலோ கடையிலோ வேலை செய்தனர். 1940க்குள் அந்த விகிதம் 70 விழுக்காட்டைத் தாண்டியது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலைகள் அருகியதும், 1938இன் நியாயத் தொழில் தரச் சட்டம் சிறார் உழைப்பைக் கட்டுப்படுத்தியதும் இப்போக்கை விரைவுபடுத்தின. குழந்தைப் பருவத்துக்கும் முதிர்ச்சிக்கும் இடைப்பட்ட வளரிளம் பருவத்தைத் தனி ஆய்வுப் பொருளாக்கி உளவியலாளர் ஜி. ஸ்டான்லி ஹால் 1904இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டிருந்தார் என்றாலும், அப்பருவத்தைக் கண்ணுக்குத் தெரியும் கூட்டமாக ஓரிடத்தில் திரட்டியது உயர்நிலைப் பள்ளிதான்.

நியூயார்க் பொது நூலகத்தில் குழந்தைகள் பணிக்குத் தலைமை வகித்த ஆன் கரோல் மூர், 1916இல் மேபெல் வில்லியம்ஸைப் பணிக்கு அழைத்தார். 1919இல் பள்ளிகளோடு தொடர்புகொள்ளும் பொறுப்பு வில்லியம்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. வகுப்பு வகுப்பாக மாணவர்களை நூலகத்துக்கு வரவழைத்து, பாடத்துக்கு வெளியே படிக்கவும் நூலகம் உண்டு என்று உணர்த்தும் வழக்கத்தை அவர் நிலைநிறுத்தினார். 1925இல் கிளீவ்லாந்து பொது நூலகம் தன் புதிய தலைமைக் கட்டடத்தில் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் பெயரில் இளையோருக்கெனத் தனி அறை ஒன்றைத் திறந்து, ஜீன் ரூஸை அதன் பொறுப்பாளராக்கியது. 1929 முதல் நியூயார்க் நூலகம் ஆண்டுதோறும் வெளியிட்ட பதின்பருவத்தினருக்கான நூற்பட்டியல் 2000களின் பிற்பகுதி வரை தொடர்ந்தது. இளையோருக்கென்றே எழுதப்பட்ட நாவல் தனி வகையாக இன்னும் உருப்பெறாத அன்றைய நிலையில், பட்டியலைத் தொகுத்தவர்கள் பெரியவர்களுக்கான நூல்களையே ஒவ்வொன்றாகப் படித்து, அவற்றில் 15 வயது வாசகரின் மனத்தைத் தொடக்கூடியவை எவை என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நூலகர் முதலில் வாசகராக இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை இந்தத் தேவையிலிருந்தே பிறந்தது.

அந்த நிபந்தனையை எல்லாரையும்விடக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர் மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில், ஈனாக் பிராட் இலவச நூலகத்தில் 1932இல் சேர்ந்த மார்கரெட் எட்வர்ட்ஸ். லத்தீன் மொழி ஆசிரியராக இருந்து நூலகத்துக்கு வந்த அவர், இளையோர் பிரிவில் பணியாற்ற வரும் ஒவ்வொருவரும் பட்டியலில் உள்ள 300 நூல்களைப் படித்து முடிக்க வேண்டும் என்று விதித்தார். படித்ததாகச் சொன்னால் மட்டும் போதாது. பத்துப் பத்து நூல்களாக அவர் முன் அமர்ந்து, ஒவ்வொன்றையும் எத்தகைய வாசகருக்குக் கொடுக்கலாம், ஏன் கொடுக்கலாம் என்று வாய்மொழியாக விவாதிக்க வேண்டும். அதன் பிறகே புத்தக அறிமுக உரைக்கான பயிற்சி தொடங்கும். நூலகர் பள்ளி வகுப்பறைக்குச் சென்று, ஒரு நூலின் விறுவிறுப்பான பகுதியைக் கதைபோலச் சொல்லி, முடிவைச் சொல்லாமல் நிறுத்திவிடுவதே இவ்வுரை. அதை வரிக்கு வரி மனப்பாடம் செய்து, கையில் குறிப்பு இல்லாமல், மாணவர்களின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது எட்வர்ட்ஸின் விதி. நூலகத்திலும் அவருடைய ஊழியர்கள் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்காமல் அலமாரிகளுக்கிடையே நடமாடி, தயங்கி நிற்கும் இளைஞரிடம் தாமே சென்று பேசினர். கெடுபிடியான முறை என்று அவரைக் குறைகூறியவர்கள் உண்டு. ஆயினும் அதன் உள்ளுறையாக இருந்தது இளையோர் மீதான ஆழ்ந்த மதிப்பே. தான் படிக்காத நூலை இன்னொருவரிடம் படிக்கச் சொல்வது அந்த இளைஞரை ஏமாற்றும் செயல் என்று கருதிய ஒருவருக்குத்தான் இத்தகைய உழைப்பைக் கோரும் தகுதி இருக்க முடியும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பெட்ரோல் பங்கீடு நடைமுறையில் இருந்தபோது, எட்வர்ட்ஸ் குதிரை வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து அதில் புத்தகங்களை ஏற்றி, நூலக வாசலையே மிதித்திராத குடும்பங்கள் வாழ்ந்த பால்டிமோரின் ஏழைத் தெருக்களுக்குக் கோடைக்காலத்தில் கொண்டு சென்றார். அதே நூலகத்தின் வரலாற்றில் மறைக்கக் கூடாத வேறொரு பக்கமும் உண்டு. இனம், நிறம் பாராமல் ஏழைக்கும் செல்வருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று 1882இல் ஈனாக் பிராட் கொடையளித்து உருவாக்கிய அந்நிறுவனம், தன் ஊழியர் பயிற்சி வகுப்பில் கறுப்பினத்தவரைச் சேர்க்க மறுத்து வந்தது. லூயிஸ் கெர் என்ற கறுப்பினப் பெண் தொடுத்த வழக்கில், இம்மறுப்பு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1945இல் தீர்ப்பளித்தது. வண்டியைச் சுற்றி ஓடி வந்த பிள்ளைகளில் ஒரு சாராருக்கு, தம்மவர் ஒருவர் அந்நூலகத்தின் நூலகராக வரக்கூடும் என்ற வாய்ப்பு அதுவரை பெரிதும் அடைக்கப்பட்டிருந்தது என்பதைச் சொல்லாமல் அந்த வண்டியின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

அச்சு நூலைத் தாண்டிய ஊடகங்கள் இச்சேவைக்குள் நுழைந்தது இணையக் காலத்தில்தான் என்ற எண்ணம் பரவலாக உண்டு; அது சரியன்று. நியூயார்க்கில் 1941இல் குழந்தைகளுக்கும் இளையோருக்கும் மட்டுமே எனத் திறக்கப்பட்டு, 21 வயது வரை உள்ளவர்களை ஏற்ற நேத்தன் ஸ்ட்ராஸ் கிளை நூலகத்தில், அதன் தலைவர் மார்கரெட் ஸ்காகின் இசைத்தட்டுகளையும் திரைப்படங்களையும் நூல்களுக்கு இணையாகவே கையாண்டார். 1940களில் அவர் நடத்திய வானொலி நிகழ்ச்சியில் பதின்பருவத்தினரே ஒரு நூலைப் படித்துவிட்டு வந்து தம் கருத்தை ஒலிவாங்கி முன் சொன்னார்கள். அன்றைய புதிய தொழில்நுட்பமாகிய வானொலி, இளையோரின் குரலை ஊருக்குக் கேட்கச் செய்யும் கருவியாக அங்கே பயன்பட்டது.

1957இல் அமெரிக்க நூலகச் சங்கத்தில் இளையோர் சேவைக்கெனத் தனிப் பிரிவு அமைந்தது. 1967இல், நூலக உரிமைகள் பிரகடனத்தில் இனம், சமயம் ஆகியவற்றோடு வயதும் சேர்க்கப்பட்டு, வயதைக் காட்டி எவருடைய நூலக உரிமையையும் மறுக்கலாகாது என்ற நிலைப்பாடு எழுத்தில் வந்தது. பதின்வயதிலேயே எழுதத் தொடங்கிய எஸ். இ. ஹிண்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ வெளிவந்து, இளையோர் நாவலுக்குப் புதிய பாதை திறந்ததும் அதே ஆண்டில்தான். கொள்கை இவ்வாறு உயர்ந்துகொண்டிருக்க, 1970களின் நிதி நெருக்கடியில் பல நகரங்களில் இளையோர் நூலகர் பணியிடங்களே முதலில் குறைக்கப்பட்டன.

இணையம் வந்தபோது பழைய வயது வரம்பு வேறு உருவில் திரும்பியது. 2000ஆம் ஆண்டின் குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம், இணைய இணைப்புக்குக் கூட்டாட்சி அரசின் கட்டணச் சலுகை பெறும் நூலகங்கள் தம் கணினிகளில் வடிகட்டி மென்பொருளை, அதாவது ஆபாசப் பக்கங்களைத் திறக்க விடாமல் தடுக்கும் நிரலை, பொருத்த வேண்டும் என்றது. 2003இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை ஏற்றுக்கொண்டதற்கு முக்கியக் காரணம், பெரியவர் ஒருவர் கேட்டால் வடிகட்டியை அகற்றிவிடலாம் என்பதே. 17 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அந்த எளிய வழி இல்லை. கைசர் குடும்ப அறக்கட்டளை 2002இல் வெளியிட்ட ஆய்வு, வடிகட்டிகளை மிகக் கடுமையான நிலையில் வைத்தால் உடல்நலத் தகவல் தளங்களில் 24 விழுக்காடு தடைபடுவதைக் காட்டியது. வீட்டில் கேட்க முடியாத கேள்வியோடு வரும் வயதினருக்கு இத்தடை எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நூலகர்கள் நன்கு அறிந்திருந்தனர். 2006இல், சமூக வலைத்தளங்களைப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் சிறாருக்குத் தடைசெய்யும் மசோதா பிரதிநிதிகள் அவையில் 410க்கு 15 என்ற வாக்குகளில் நிறைவேறிய போதிலும், செனட் அவையைக் கடக்கவில்லை. மறு ஆண்டே அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் சேவைப் பிரிவு பதின்பருவத்தினர் தொழில்நுட்ப வாரத்தைக் கொண்டாடத் தொடங்கியது.

இதே காலத்தில் தனியிடம் என்ற பழைய கோரிக்கை புத்துயிர் பெற்றது. 1994இல் லாஸ் ஏஞ்சலஸ் மைய நூலகத்தில் பதின்பருவத்தினர் பகுதி திறக்கப்பட்டது. 2001இல் பீனிக்ஸ் நகரின் மைய நூலகத்தில் உருவான பகுதியின் வடிவமைப்பில் அந்நகரின் பதின்பருவத்தினரே பங்கேற்றனர். 2009இல் சிகாகோவின் ஹெரால்டு வாஷிங்டன் நூலக மையத்தில் மெக்ஆர்தர் அறக்கட்டளையின் உதவியுடன் தொடங்கிய ‘யூமீடியா’ இவை எல்லாவற்றையும்விடத் துணிச்சலானது. இளையோர் புதிய ஊடகங்களோடு பழகும் விதத்தை ஆராய்ந்த மானிடவியலாளர் மிசுகோ இட்டோவின் குழு, நண்பர்களோடு கூடிப் பொழுதுபோக்குவது, கருவிகளை நோண்டிப் பார்ப்பது, ஒன்றில் ஆழ்ந்து தேர்ச்சி பெறுவது என்று மூன்று நிலைகளைக் கண்டிருந்தது. யூமீடியா கூடம் இம்மூன்றுக்கும் இடம் தரும்படி அமைக்கப்பட்டது. மடிக்கணினி, ஒளிப்படக் கருவி, ஒலிப்பதிவு அறை ஆகியவை அங்கே இருந்தன. நூல்களும் அவற்றின் நடுவிலேயே இருந்தன. பின்னாளில் புகழ்பெற்ற சான்ஸ் த ராப்பர், நோநேம் ஆகிய இசைக்கலைஞர்கள் பள்ளிப் பருவத்தில் அங்கு நடந்த திறந்த மேடை நிகழ்ச்சிகளில் பாடிப் பழகியவர்கள். அக்கூடத்தின் வெற்றிக்குக் கருவிகளே காரணம் என்று கருதியவர்கள் உண்டு. உண்மையில், கவிஞர்களும் இசைக்கலைஞர்களும் வடிவமைப்பாளர்களும் வழிகாட்டிகளாக ஊதியம் பெற்று நாள்தோறும் அங்கே இருந்ததும், நூலகர்களோடு அவர்கள் சேர்ந்து உழைத்ததுமே அதை நிலைநிறுத்தின. 300 நூல்களைப் படித்துவிட்டு அலமாரிகளுக்கிடையே நடமாடிய பால்டிமோர் உதவியாளர் செய்த வேலையைத்தான் இவர்கள் ஒலிப்பதிவு அறையில் செய்தனர். இதைப் பின்பற்றி 2011, 2012 ஆண்டுகளில் அருங்காட்சியகங்களிலும் நூலகங்களிலும் 24 கற்றல் கூடங்களுக்கு நிதி ஒதுக்கப்பட்டது.

2022இல், பல மாநிலங்களில் பள்ளி நூலகங்களிலிருந்து நூல்கள் அகற்றப்பட்டு வந்த சூழலில், புரூக்ளின் பொது நூலகம் 13 முதல் 21 வயது வரையுள்ள எந்த அமெரிக்க இளைஞருக்கும், அவர் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், தன் மின்னூல் தொகுப்பைப் பயன்படுத்தும் உறுப்பினர் அட்டையைக் கட்டணமின்றி வழங்கத் தொடங்கியது. பாஸ்டன், சியாட்டில் உள்ளிட்ட நகரங்களின் நூலகங்களும் பின்னர் இத்திட்டத்தில் இணைந்துகொண்டன.