கெர்பன் ஓடுபாதையும் ஒரு மேசனின் பிள்ளைகளும்

தாயை இழந்த ஒரு சிறுவன், அவனிடமிருந்து விலகி நிற்கும் தந்தை, இருவருக்கும் நடுவே ஒரு சிறிய பந்தய வண்டி. 2003ஆம் ஆண்டு வெளிவந்த ‘கார்ட் ரேஸர்’ என்னும் குடும்பத் திரைப்படத்தின் கதையை இவ்வளவில் சொல்லிவிடலாம். ரண்டி குவெய்ட் தந்தையாக நடித்த இப்படத்தின் முடிவை முதற் கால்மணி நேரத்திலேயே எவரும் ஊகித்துவிடுவர். அதில் குறை காண்பதற்கில்லை. பிள்ளைகளோடு அமர்ந்து பார்ப்பதற்காக எடுக்கப்பட்ட படம் அது. எனினும் இவ்விளையாட்டின் உண்மை வரலாற்றில் உள்ள தந்தையரும் மைந்தரும் ஒரு வெற்றிக் கிண்ணத்தோடு கணக்குத் தீர்த்துக்கொண்டவர்கள் அல்லர்.

கார்ட் வண்டி தொடக்கத்தில் சிறுவர்களுக்கென உருவாக்கப்பட்டதன்று. 1956இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பந்தயக் கார்கள் கட்டும் தொழிலில் இருந்த ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், இரும்புக் குழாய்களை ஒட்டி, புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைப் பொருத்தித் தமது பொழுதுபோக்குக்காகச் செய்த வண்டியே முதலாவது கார்ட் எனப்படுகிறது. பசடீனாவின் ரோஸ் போல் மைதான வாகனத் தரிப்பிடத்தில் அது ஓடியபோது வேடிக்கை பார்த்தவர்கள் பின்னர் தாமும் ஒன்று செய்துகொண்டனர். 1962இல் இதற்கெனச் சர்வதேச ஆணைக்குழு ஒன்றே அமைந்துவிட்டது.

வளர்ந்தவர்களின் விளையாட்டுப் பொருள் சிறுவர்களின் பள்ளிக்கூடமாக மாறியபோது, தந்தை தவிர்க்க முடியாதவரானார். காரணம் வண்டியின் அமைப்பிலேயே உள்ளது. கார்ட்டுக்கு அதிர்வு தாங்கும் ஸ்பிரிங் கிடையாது. பின்சில்லுகள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டவை. ஆதலால் வளைவில் உட்புறப் பின்சில்லு தரையிலிருந்து சற்றே எழும்பினால் அன்றி வண்டி எளிதில் திரும்பாது. அவ்வாறு எழும்பச் செய்வதில் சட்டகத்தின் நெளிவுக்குப் பெரும் பங்குண்டு. வெயில் ஏற, தரை சூடாக, ரயரின் காற்றழுத்தத்தையும் சங்கிலிப் பற்சக்கரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வண்டியைத் தூக்கவும் முடியாது. ஸ்பானரோடு மண்டியிட்டிருப்பவரும், வேலியோரம் நேரக்கணிப்பானோடு நிற்பவரும், எஞ்சினுக்குப் பணம் கொடுப்பவரும் பெரும்பாலும் ஒருவரே. பிரேசிலில் மில்டன் டா சில்வா தமது நான்கு வயது மகன் அயர்டன் சென்னாவுக்குப் புல்வெட்டும் இயந்திர எஞ்சினால் ஒரு வண்டி செய்து கொடுத்ததும் இத்தகைய தந்தையின் வேலையே.

இவ்வகையில் மிகச் செறிவான வரலாறு ஜேர்மனியின் கொலோன் நகருக்கு அருகிலுள்ள கெர்பன் என்னும் சிற்றூருக்கு உரியது. அவ்வூரின் பிரபுக் குடும்பமொன்றின் ஒரே மகன் வொல்ப்காங் வொன் ட்ரிப்ஸ், பெராரி அணியின் போர்முலா வன் வீரர். அவர் 1961இல் அங்கு ஒரு கார்ட் ஓடுபாதையை ஏற்படுத்தினார். அதே ஆண்டு உலக சம்பியன் பட்டத்துக்கான புள்ளிகளில் முன்னணியில் இருந்த நிலையில், செப்ரெம்பர் 10ஆம் திகதி இத்தாலியின் மொன்சா பந்தயத்தில் அவரது கார் ஜிம் கிளார்க்கின் காரோடு மோதித் தூக்கியெறியப்பட்டது. ட்ரிப்ஸுடன் பார்வையாளர் பதினைந்து பேரும் மாண்டனர். அவருக்கு வயது 33. பிள்ளைகள் இல்லை. மகனை இழந்த முதிய பெற்றோரும், கெர்பனில் அந்த ஓடுபாதையும் எஞ்சினர்.

பின்னாளில் அவ்வூருக்கு வந்து சேர்ந்த மேசன் ரொல்ப் ஷூமாக்கர், தமது நான்கு வயது மகன் மைக்கலின் மிதிவண்டிக் கார்ட்டில் ஒரு சிறிய மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பூட்டினார். பையன் அதை ஒரு விளக்குக் கம்பத்தில் மோதினான். தெருவில் விடுவது ஆபத்தென்று கண்ட பெற்றோர் அவனைக் கார்ட் ஓடுபாதைக்கு அழைத்துச் சென்றனர். ஒதுக்கப்பட்ட பாகங்களைப் பொறுக்கித் தந்தை கட்டிய வண்டியில், ஆறு வயதில் மைக்கல் கழகப் பட்டமொன்றை வென்றான். ரொல்ப் கல் அடுக்கும் வேலைக்கு மேலதிகமாக ஓடுபாதையில் கார்ட் வண்டிகளைத் திருத்தியும் வாடகைக்கு விட்டும் உழைத்தார். தாய் எலிசபெத் அங்குள்ள சிற்றுண்டிச்சாலையில் நின்றார். இவ்வளவிருந்தும், 800 மார்க் பெறுமதியான புதிய எஞ்சின் தேவைப்பட்டபோது அவர்களால் அதை வாங்க முடியவில்லை. உள்ளூர் வர்த்தகர்களே கைகொடுத்தனர். ஜேர்மனியில் பதினான்கு வயதுக்கு முன் அனுமதிப்பத்திரம் கிடையாது என்பதால், பன்னிரண்டாவது வயதில் மைக்கல் லக்சம்பேர்க்கில் அதைப் பெற்றார். 1987இல் அவர் ஐரோப்பிய கார்ட் சம்பியன். 1991இல் போர்முலா வன். ஏழு உலகப் பட்டங்கள் பின்னால் வந்தன.

இதற்கு நேர்மாறான தந்தையரும் உண்டு. 2012இல் இத்தாலியின் சார்னோவில் நடைபெற்ற உலகக் கார்ட் போட்டியில், அவசரப்பட்டு முந்த முயன்று வெற்றியைக் கைநழுவவிட்ட மகன் மக்ஸை, திரும்பும் வழியில் பெற்றோல் நிரப்பு நிலையமொன்றில் இறக்கிவிட்டுச் சென்றார் ஜோஸ் வெர்ஸ்டப்பன். அப்போது மகனுக்குப் பதினான்கு வயது. மக்ஸ் பின்னர் உலக சம்பியனானதால் இச்சம்பவம் வெற்றிக் கதையின் ஓர் அத்தியாயமாகச் சொல்லப்படுகிறது. வெல்லாத பிள்ளைக்கு இது நேர்ந்திருப்பின் அதற்கு வேறு பெயர் சூட்டியிருப்போம் என்றே தோன்றுகிறது. இங்கிலாந்தில் மகனுக்காக ஒரே காலத்தில் பல வேலைகள் செய்த அந்தனி ஹமில்டனின் கதை மென்மையானது. படிப்பில் கவனம் குறையக்கூடாது என்பதே லூயிஸுக்கு அவர் விதித்த நிபந்தனை. ஆயினும் 2010இல் மகன் அவரை முகாமையாளர் பொறுப்பிலிருந்து விலக்கி, தமக்குத் தந்தையாக மட்டும் அவர் இருக்கவேண்டும் என விரும்பினார். வீடு திரும்பிய பின்னரும் பந்தயத்தையே பேசும் ஒருவரிடமிருந்து தந்தையை மீட்டெடுக்கும் முயற்சி அது எனலாம்.

மைக்கல் ஷூமாக்கரின் மகன் மிக், 1999இல் பிறந்தவர். எஞ்சினுக்கும் ரயருக்கும் அவருக்குப் பஞ்சமில்லை. பாரமாயிருந்தது பெயர். ஆகவே தாயின் குடும்பப் பெயரைக் கொண்டு ‘மிக் பெட்ஷ்’ என்றே கார்ட் பந்தயங்களில் பதிவு செய்யப்பட்டார். 2013 டிசெம்பர் 29ஆம் திகதி பிரான்ஸின் மெரிபெல் பனிச்சறுக்குத் தலத்தில் மைக்கல் பாறையில் தலை மோதி வீழ்ந்தபோது உடனிருந்தவர் பதினான்கு வயதுடைய மிக். அதன் பின் தந்தை பொது வெளியில் தோன்றவில்லை.

அடுத்த ஆண்டே மிக் உலகக் கனிஷ்ட கார்ட் போட்டியில் இரண்டாமிடம் பெற்றார். 2018இல் ஐரோப்பிய போர்முலா 3 பட்டமும், 2020இல் போர்முலா 2 பட்டமும் கிடைத்தன. 2021இல் பஹ்ரேனில் ஷூமாக்கர் என்ற பெயரோடு போர்முலா வன் பந்தயத்தில் இறங்கினார். இரண்டு பருவங்களின் பின் அந்த ஆசனம் பறிபோயிற்று.

2021இல் வெளியான ‘ஷூமாக்கர்’ ஆவணப்படத்தில் மிக் பேசுகிறார். இப்போது தானும் தந்தையும் ஒருவரையொருவர் வேறு விதத்தில் புரிந்துகொண்டிருப்போம், இருவருக்கும் பொதுவான மொழி மோட்டார் பந்தயம் என்கிறார். அதைப் பற்றித் தந்தையோடு பேசக் கிடைக்குமாயின் மற்ற எல்லாவற்றையும் கைவிடத் தயார் என்றும் சொல்கிறார்.