திண்ணையில் காத்திருந்த பாட்டு

2005-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், புதிதாக லினக்ஸ் நிறுவிய கணினியில் சிநேகிதர் கொடுத்த குறுந்தகட்டைப் போட்டு, அதிலிருந்த பாட்டுக் கோப்பின்மேல் ஆசையோடு இருமுறை சொடுக்கியவர்களுக்கு வாய்த்த அநுபவம் ஒன்றுண்டு. பாட்டுப்பெட்டியின் ஜன்னல் திறக்கும், கோப்பின் பெயரும் தெரியும், பாட்டு மட்டும் வராது. இதை வாசிப்பதற்கு வேண்டிய செருகுநிரல் இல்லை என்று ஓர் அறிவிப்பு வந்து நிற்கும். ஒலிபெருக்கியில் கோளாறில்லை, கோப்பிலும் இல்லை. அதே கணினியை விண்டோஸில் துவக்கினால் அதே பாட்டு தங்குதடையின்றி ஒலிக்கும். யந்திரம் இப்படி ஊமையானதற்கு உரிய காரணத்தை யந்திர சாஸ்திரத்தில் தேடிப் பிரயோஜனமில்லை. அது சட்டப் புத்தகத்தில் இருந்தது.

ஆதியில் இந்தத் தொல்லை இல்லை. 1991-இல் மைக்ரோசாஃப்ட்டும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து வகுத்த வேவ் கோப்பில், ஒலியின் ஏற்ற இறக்கத்தை அளந்த எண்களே பெரும்பாலும் அப்படியே வரிசையாக எழுதப்பட்டிருந்தமையால், அவற்றை எடுத்து ஒலியட்டையிடம் கொடுக்க எந்த நிரலுக்கும் தனி வித்தை வேண்டியிருக்கவில்லை. வேண்டியிருந்தது இடந்தான். இசைக் குறுந்தகட்டின் கணக்குப்படி விநாடிக்கு 44,100 அளவுகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடமும் வலமுமாக இரண்டு தடங்கள் என்று பெருக்கிப் பார்த்தால், நான்கு நிமிஷப் பாட்டு 4 கோடியே 23 லட்சம் பைட்டுகளை விழுங்கிவிடும்.

இந்தப் பெருந்தீனியைக் குறைக்கும் வழியைத்தான் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், ஃபிரௌன்ஹோஃபர் ஆராய்ச்சி நிலையத்தில், கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவருடைய சகாக்களும் வருஷக்கணக்காகத் தேடினார்கள். உரத்த ஸ்வரம் ஒன்று ஒலிக்கும்போது அதன் அருகிலுள்ள மெல்லிய ஸ்வரத்தை மனிதச் செவி கவனிப்பதில்லை என்ற பழைய உண்மையைப் பற்றிக்கொண்டு, கேட்காததை எழுதுவானேன் என்று அவர்கள் அதை விட்டுவிட்டார்கள். பக்கவாத்தியமே இல்லாமல் சூசன் வேகா பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பிராண்டன்பர்க் தம் முறையைச் செப்பனிட்டார். துணையற்ற தனிக்குரலில் சிறு பிசிறும் மறைய இடமில்லையல்லவா? 1992-இல் சர்வதேச நியமமாக முடிவான அம்முறைக்கு, 1995 ஜூலை 14 அன்று எம்.பி.3 என்ற கோப்புப் பெயர் சூட்டப்பட்டது. விநாடிக்கு 1,28,000 பிட் என்ற வேகத்தில், நாலு நிமிஷப் பாட்டு 38 லட்சத்துச் சொச்சம் பைட்டில், அதாவது பதினொன்றில் ஒரு பங்கில் அடங்கிற்று.

ஆனால் இப்படிச் சுருக்கியதை மறுபடி விரிப்பதற்கு ஒரு நிரல் வேண்டும். சுருக்குவதற்கும் விரிப்பதற்குமான உபாயங்களுக்கு ஃபிரௌன்ஹோஃபரும், பிரான்ஸின் தாம்சன் கம்பெனியும், வேறு சிலரும் பேடண்ட் உரிமை பெற்றிருந்தார்கள். 1997-இல் வந்த வின்ஆம்ப் போன்ற நிரல்களால் எம்.பி.3 ஊரெங்கும் பரவியபின், 1998 செப்டம்பரில் ஃபிரௌன்ஹோஃபர், இலவச நிரல் எழுதியவர்களுக்கு உரிமைக் கட்டணத்தை நினைவூட்டிக் கடிதம் அனுப்பிற்று. அதனால் மனம் புழுங்கிய கிறிஸ் மாண்ட்கோமரி என்ற அமெரிக்கர், எவருக்கும் கட்டணம் தர வேண்டாத ஆக் வோர்பிஸ் என்ற மாற்று முறையை உருவாக்க முனைந்து, 2002 ஜூலையில் முழுமையாக்கி வெளியிட்டார். முறை நல்ல முறைதான்; என்ன செய்வது, ஜனங்களிடம் இருந்த பாட்டுகளோ எம்.பி.3-இல் இருந்தன.

விரிக்கும் நிரல் ஒன்றுக்கு அப்போது கட்டணம் 75 சென்ட். பெட்டிக்கு இவ்வளவு என்று விலை வைத்து விற்பவருக்கு அது பெரிய தொகையன்று. யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், எடுத்த பிரதியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று விடப்பட்ட நிரலுக்கோ, எத்தனை பிரதி என்று எண்ணுவதற்கே ஆளில்லை. எண்ணிக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கினால் அந்தச் சுதந்திரமும் போய்விடும். ஆகவே லினக்ஸ் விநியோகித்த ரெட் ஹாட் கம்பெனி 2002-இல் வெளியிட்ட தன் 8.0 பதிப்பிலிருந்து எம்.பி.3-ஐ நீக்கியது, அதன் வாரிசான ஃபெடோராவும் அவ்வழியே நின்றது. இதைக் கோழைத்தனம் என்று ஏசியவர்கள் உண்டு. ஃபிரௌன்ஹோஃபருக்கு முறையாகப் பணம் கட்டியிருந்த மைக்ரோசாஃப்ட்டின் மீதே அல்காடெல்-லூசென்ட் கம்பெனி தொடுத்த வழக்கில், 2007-இல் 152 கோடி டாலர் இழப்பீடு தரவேண்டும் என்று ஜூரிகள் தீர்ப்புக் கூறினார்கள் என்பதையும், அதே வருஷம் நீதிபதி அதை ரத்துசெய்தார் என்பதையும் நினைத்தால், அந்த அச்சம் நியாயமானதே என்பது என் அபிப்பிராயம்.

உள்ளே சேர்க்க முடியாத விருந்தாளிக்குத் திண்ணை எதற்கோ அதற்குத்தான் செருகுநிரலும் வந்தது. லினக்ஸ் மேசைக்கணினிகள் பலவற்றின் ஒலி வேலையை ஏற்றிருந்த ஜி-ஸ்ட்ரீமர், செர்ஜியோ லியோனேயின் புகழ்பெற்ற சினிமாப் பெயரை நினைத்துத் தன் செருகுநிரல்களை நல்லவை, கெட்டவை, விகாரமானவை என்று பிரித்து வைத்தது. இதில் ஒரு வேடிக்கை: கெட்டவை என்றால் இன்னும் தேறாதவை, விகாரமானவையோ குறையின்றி வேலை செய்பவை, விநியோகிப்பதில் மட்டும் சட்டச் சிக்கல் உள்ளவை. எம்.பி.3 அந்த விகாரக் கூட்டத்தில் இருந்தது. பார்ஸிலோனாவின் ஃபுளுவெண்டோ கம்பெனி, தானே கட்டணம் செலுத்தி உரிமை வாங்கி, ஒரு செருகுநிரலை இலவசமாகவே கொடுத்தது. கணினி நிரலைத் தன்னளவில் கண்டுபிடிப்பாகக் கொள்ளாத பேடண்ட் சட்டம் உள்ள நம் தேசத்தில் உட்கார்ந்திருந்தவருக்கும், அமெரிக்கச் சட்டத்துக்கு அஞ்சிக் கட்டிய மூட்டையே வந்து சேர்ந்தது என்பது அக்காலத்து விசித்திரம்.

காலந்தான் வழக்கைத் தீர்த்தது. உரிமைகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாக, 2016 நவம்பரில் ஃபெடோரா 25 எம்.பி.3-ஐ உள்ளே அநுமதித்தது. 2017 ஏப்ரல் 23 அன்று உரிமம் வழங்கும் ஏற்பாடே முடிவடைந்தது. எம்.பி.3 செத்துவிட்டது என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. கட்டணம் ஒழிந்ததை மரணம் என்று வர்ணித்தது பெரிய பிழை. அதுவரை இயங்குதளத்திடம் இரவல் வாங்கியே எம்.பி.3 வாசித்துவந்த ஃபயர்பாக்ஸ் உலாவி, 2019 டிசம்பரில் வந்த 71-ஆம் பதிப்பில் விரிக்கும் நிரலைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது. அது எஃப்.எஃப்.எம்பெக் என்னும் தொகுதியிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த நிரலின் தலைப்பில் ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற ஆசிரியர் பெயரோடு பொறித்திருக்கும் வருஷங்கள் 2001, 2002.